மூன்றே தவணைக் கதிர் பிறந்த கதை

நுரையீரலின் ஓரத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு புற்றுக்கட்டி. நோயாளிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பல ஆண்டு புகை குடித்த நுரையீரல், பலவீனமான இதயம். அறுவை சிகிச்சை செய்தால் கட்டி போய்விடும்; ஆனால் நெஞ்சைத் திறப்பதையும் நுரையீரலில் ஒரு பகுதியை இழப்பதையும் அந்த உடல் தாங்காது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை இப்படிப்பட்டவருக்கு மருத்துவம் இரண்டு வழிகளைத்தான் காட்டியது. ஆறேழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மருத்துவமனைக்கு அலைந்து கதிர் வாங்கிக்கொள்வது ஒன்று. எதுவும் செய்யாமல் வீட்டில் இருந்துவிடுவது மற்றொன்று. முதல் வழியில் போனவர்களுக்கும் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்வது சகஜமாக இருந்தது. அதனால் பலரை மருத்துவர்களே இரண்டாவது வழியில் அனுப்பிவைத்தார்கள்.

இன்று அதே நோயாளிக்கு மூன்று, நான்கு அல்லது ஐந்து தவணைகளில், ஒன்றிரண்டு வாரத்துக்குள், கத்தியும் மயக்க மருந்தும் இல்லாமல் சிகிச்சை முடிந்துவிடுகிறது. கட்டி அந்த இடத்தில் திரும்பாமல் இருக்கப் பத்துக்கு ஒன்பது பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஸ்டீரியோடாக்டிக் உடல் கதிர்வீச்சு என்பது இதன் பெயர். மருத்துவர்கள் எஸ்.பி.ஆர்.டி. என்றும் சேபர் என்றும் சொல்வார்கள். நம் ஊர் மருத்துவமனை வராந்தாவிலோ எல்லாவற்றுக்கும் 'கரண்டு வைக்கிறது' என்ற ஒரே பேச்சுதான். ஒருவருக்கு முப்பது கரண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று கரண்டு என்றால், மூன்று வாங்குபவரின் குடும்பத்துக்குத்தான் மனம் பதறும். நோய் கைமீறிவிட்டதோ, அதனால்தான் குறைத்துவிட்டார்களோ என்று. நிலைமை நேர் எதிர். அந்த மூன்று தவணையில் இருக்கும் வீரியம் முப்பதில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அப்படிக் கொடுக்கலாம் என்று துணிவதற்கு மருத்துவத்துக்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது. துணியக் கூடாது என்ற விதி அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

அந்த விதி பாரிஸில் பிறந்தது. 1895இல் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களுக்குள்ளேயே மருத்துவர்கள் அதைப் புற்றின் மீது திருப்பிப் பார்த்தார்கள். ஒரேயடியாகப் பெரிய அளவில் கொடுத்தபோது கட்டி சுருங்கியது. சுற்றியிருந்த தோலும் தசையும் வெந்து புண்ணாயின. 1920களில் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் கிளாடியுஸ் ரெகோ செம்மறிக் கிடாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கிடாயின் விதைப்பையில் ஒரே தவணையில் கதிர் பாய்ச்சி அதை மலடாக்க முயன்றால், விதைப்பைத் தோல் கடுமையாகப் புண்ணானது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது கிடாய் மலடானது, தோல் தப்பித்தது. விந்தணுக்களை உண்டாக்கும் செல்கள் இடைவிடாமல் பிரிந்து பெருகுபவை. புற்றுச் செல்லும் அப்படித்தான். ஆகவே பெருகும் செல் சாகும், சாதாரணத் திசு ஒவ்வொரு இடைவெளியிலும் தன்னைச் சரிசெய்துகொண்டு பிழைக்கும் என்று ரெகோ முடிவு கட்டினார். அதே நிறுவனத்தில் ஆன்றி கூத்தார், குரல்வளைப் புற்றுக்கு வாரக்கணக்கில் சிறு பங்குகளாகக் கதிர் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார். அதன்பின் உலகம் முழுக்க அதுவே நடைமுறையானது.

நுரையீரலுக்கும் அந்த வழியே வந்தது. அமெரிக்காவில் 1973இல் வகுக்கப்பட்ட ஓர் ஆய்வு, 40, 50, 60 கிரே என்று அளவுகளை ஒப்பிட்டு, 60 கிரேயை முப்பது தவணையில் கொடுப்பதே மேல் என்று காட்டியது. கிரே என்பது திசு உள்வாங்கும் கதிரின் அலகு. தவணைக்கு 2 கிரே, ஆறு வாரம். அந்த எண் இன்றும் நுரையீரல் கதிர் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது.

ஆனால் 60 கிரே பல கட்டிகளுக்குப் போதவில்லை. கூட்டலாம் என்றால் வேறொரு தடை. நுரையீரல் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. கீழ் மடலில் இருக்கும் கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழுமாக நகரும். நேற்றுப் படுத்த மாதிரியே நோயாளி இன்றும் படுப்பார் என்ற உறுதியும் இல்லை. கட்டி எங்கே போனாலும் கதிர் பட வேண்டுமென்றால் அதைச் சுற்றி அகலமாகக் குறி வைக்க வேண்டும். அப்போது கட்டியைவிடப் பல மடங்கு பெரிய நல்ல நுரையீரலும் கதிரில் நனையும். நல்ல திசு எவ்வளவு தாங்குமோ அதுவே கட்டிக்குக் கிடைக்கும் உச்ச அளவாகிவிட்டது.

விதியை மீறும் யோசனை நுரையீரலைப் பற்றிச் சிந்தித்தவரிடமிருந்து வரவில்லை. ஸ்வீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல், மண்டையைத் திறக்காமல் மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை அழிக்க முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு சட்டகத்தைத் திருகிப் பொருத்தி, அதன் அளவுகோலை வைத்து மூளைக்குள் இருக்கும் எந்த இடத்தையும் மூன்று எண்களால் குறிக்கலாம். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அந்த ஒரே புள்ளியில் சந்திக்கச் செய்தால், ஒவ்வொரு கதிரும் வழியில் உள்ள திசுவை லேசாகத் தொட்டுப் போகும்; சந்திக்கும் இடத்தில் மட்டும் அழிவு முழுமையாக இருக்கும். 1951இல் இந்தக் கருத்தை எழுதினார். உப்சாலாவின் இயற்பியலாளர் பெரியே லார்சனுடன் சேர்ந்து 179 கோபால்ட்-60 மூலங்களைப் பொருத்திய முதல் காமா கத்தி 1968இல் ஸ்டாக்ஹோமில் வேலைக்கு வந்தது.

பிரித்துக் கொடு என்ற விதிக்கு அங்கே இடமில்லை. முழு அளவும் ஒரே நாளில். நல்ல திசு பெரும்பாலும் கதிருக்கு வெளியே இருக்கிறதென்றால், அது பிழைத்து எழ இடைவெளி தரவேண்டிய தேவையும் குறைந்துவிடுகிறது அல்லவா? ரெகோவின் கிடாய்களில் தோலும் விதையும் ஒரே கதிரில் இருந்தன. லெக்செல் அவற்றைப் பிரித்துவிட்டார் என்று சொல்லலாம். விதி பொய்யாகவில்லை; அது எந்தச் சூழலுக்குப் பிறந்ததோ அந்தச் சூழல் மாறிவிட்டது.

மூளைக்குச் செய்தது நெஞ்சுக்கு ஆகாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மண்டையோட்டில் திருகு ஏற்றலாம். மூளை அதற்குள் அசையாது. நெஞ்சில் எங்கே திருகுவது? மூச்சை எப்படி நிறுத்துவது?

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் இயற்பியலாளர் இங்மார் லாக்ஸும் புற்றுநோய் மருத்துவர் ஹென்ரிக் புளோம்கிரெனும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் செய்த கருவியைப் பார்த்தால், பெரிய அறிவியல் இவ்வளவு எளிய பொருளிலா உட்கார்ந்திருந்தது என்று தோன்றும். நோயாளியின் உடல் அடங்கும் நீளத்தில், மேலே திறந்த ஒரு பெட்டி. உள்ளே காற்றை உறிஞ்சியதும் இறுகிப்போகும் மெத்தை. நோயாளி படுத்து அவர் உடல் பதிந்ததும் காற்றை உறிஞ்சிவிடுவார்கள். அடுத்த தவணைக்கும் அவர் தன் உடலின் அதே அச்சுக்குள்தான் படுப்பார். பெட்டியின் சுவர்களில் பதித்த குறிகள் சி.டி. படத்தில் தெரியும், கட்டி உடலின் எந்த இடத்தில் என்பதற்குப் பதிலாக, பெட்டியின் எந்த இடத்தில் என்று கணக்கிடுவார்கள். மூச்சுக்கு இன்னொரு ஏற்பாடு. விலா எலும்புகளுக்குக் கீழே வயிற்றின் மீது ஒரு தகட்டை வைத்துத் திருகால் அழுத்துவார்கள். உதரவிதானம் ஆழமாக இறங்க முடியாது. மூச்சு மேலோட்டமாகும். கட்டியின் நகர்வு ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். மூச்சை நிறுத்தவில்லை, சிறியதாக்கினார்கள்.

இதனுடன் லாக்ஸ் இன்னொரு மரபையும் உடைத்தார். கட்டி முழுக்க ஒரே சீராகக் கதிர் விழ வேண்டும் என்பது அதுவரை கதிர் சிகிச்சையின் ஒழுங்கு. சீராக்கப் போனால் விளிம்புக்கு வெளியிலும் கதிர் வழியும். லாக்ஸ் விளிம்பில் குறித்த அளவு, நடுவில் அதைவிடப் பாதிக்குப் பாதி கூடுதல் என்று விட்டுவிட்டார். அப்படி விட்டால் கட்டிக்கு வெளியே கதிர் சட்டென்று சரிந்து இறங்கும். கட்டியின் நடுப்பகுதிக்குப் பெரும்பாலும் பிராணவாயு சரியாகப் போவதில்லை. பிராணவாயு குறைந்த செல் கதிரை எதிர்த்து நிற்கும். அங்கே கூடுதல் கதிர் விழுவது நஷ்டமில்லை, லாபம். பெட்டியைவிட இந்தத் துணிச்சல்தான் பெரியது என்பது என் கருத்து. பெட்டி இன்று அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. சீரற்ற அளவு இன்று உலகின் பெரும்பாலான எஸ்.பி.ஆர்.டி. திட்டங்களில் இருக்கிறது.

1991இல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. 1995இல் முதல் 31 நோயாளிகளின், 42 கட்டிகளின் கதையை வெளியிட்டார்கள். கல்லீரல், நுரையீரல், வயிற்றின் பின்புறம் என்று பல இடக் கட்டிகள். பெரும்பாலோர் வேறு வழியில்லாதவர்கள். பத்தில் எட்டுக் கட்டிகள் மேலே வளரவில்லை. லெக்செல் தன் மகனுடன் 1972இல் தொடங்கியிருந்த எலெக்டா நிறுவனம் இந்தப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதே காலத்தில் ஜப்பானில் மினோரு உவெமாட்சு வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். நோயாளியைப் பெட்டிக்குள் கட்டிவைப்பதற்குப் பதிலாக, சி.டி. கருவியையும் கதிர் பாய்ச்சும் கருவியான லீனியர் ஆக்சிலரேட்டரையும் ஒரே அறைக்குள் வைத்தார். ஒவ்வொரு தவணைக்கும் முன்பு அங்கேயே படமெடுத்து, கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கதிர் கொடுப்பது. இன்றைய நடைமுறை ஸ்டாக்ஹோமைவிட இதற்குத்தான் நெருக்கம். 2000க்குப் பிறகு வந்த லீனியர் ஆக்சிலரேட்டர்களில் சி.டி. போன்று படமெடுக்கும் வசதி கருவியின் கையிலேயே வந்துவிட்டது. மூச்சின் பத்துக் கட்டங்களையும் தனித்தனியாகக் காட்டும் நான்கு பரிமாண சி.டி.யும் வந்தது. கட்டி குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் கதிரைத் திறக்கும் முறை, நகரும் கட்டியை ரோபோ கையால் பின்தொடரும் முறை எல்லாம் இவற்றோடு சேர்ந்துகொண்டன.

ஜப்பானியர்கள் தந்த இன்னொரு கொடை ஓர் எண். ஹிரோஷி ஓனிஷியும் கூட்டாளிகளும் 13 மருத்துவமனைகளின் 245 நோயாளிகளைத் தொகுத்து 2004இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்று. ஒவ்வொரு மருத்துவமனையும் வெவ்வேறு அளவு, வெவ்வேறு தவணை. இவற்றை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டும். தவணைக்கான அளவு கூடினால் கதிரின் தாக்கம் அதே விகிதத்தில் கூடாது, அதைவிட வேகமாகக் கூடும். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்லும் வீரியத்தை உயிரியல் அளவு என்பார்கள். 60 கிரேயை முப்பது தவணையில் கொடுத்தால் புற்றுக்கு அதன் உயிரியல் அளவு 72. 48 கிரேயை நான்கு தவணையில் கொடுத்தால் சுமார் 106. 54 கிரேயை மூன்றே தவணையில் கொடுத்தால் 151. காகிதத்தில் 54 என்பது 60ஐவிடச் சிறிய எண். உடலுக்குள் அது இரு மடங்கு. ஓனிஷியின் தொகுப்பில் உயிரியல் அளவு 100க்கு மேல் போனவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குத்தான் கட்டி அதே இடத்தில் திரும்பியது. 100க்குக் கீழே நின்றவர்களில் 26 பேருக்குத் திரும்பியது. நூறு என்ற அந்தக் கோடு அன்றுமுதல் எல்லாக் கதிர் மருத்துவர்களுக்கும் மனப்பாடம்.

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிம்மர்மன் இதை முறையான படிக்கட்டாக ஏறிப் பார்த்தார். அறுவை தாங்காத ஆரம்பக் கட்ட நோயாளிகளுக்கு, ஸ்வீடன் பெட்டியில் படுக்கவைத்து, மூன்று தவணையில் 24 கிரேயில் தொடங்கி 60 கிரே வரை. சிறிய கட்டிகளில் 60 கிரேயிலும் உடல் தாங்கும் எல்லை தட்டுப்படவில்லை. அடுத்த ஆய்வில் 70 பேருக்கு 60 முதல் 66 கிரே கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் நூற்றுக்கு 95 கட்டிகள் அடங்கியிருந்தன. வெற்றி என்று கொண்டாடவேண்டிய இடம்.

ஆனால் சில நோயாளிகள் இறந்தார்கள். சிகிச்சையினாலேயே இருக்கலாம் என்று கருதப்பட்ட மரணங்கள் ஆறு. யார் அவர்கள் என்று பிரித்துப் பார்த்தபோது ஒரு வடிவம் தெரிந்தது. நுரையீரலின் ஓரத்தில் கட்டி இருந்தவர்களைவிட, நடுவே, பெரிய மூச்சுக்குழாய்களுக்கு அருகில் கட்டி இருந்தவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வரும் அபாயம் பதினோரு மடங்கு. நுரையீரல் திராட்சைக் குலையைப் போன்றது. ஓரத்தில் நாலு பழம் கருகினால் மற்ற பழங்கள் அப்படியே இருக்கும். காம்பு கருகினால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் போய்விடும். பெரிய மூச்சுக்குழாய் அந்தக் காம்பு. அதன் சுவர் சுருங்கி அடைத்தால் அதற்கப்பால் உள்ள மடலே செயலிழக்கும்; ரத்தக்குழாய் அரித்தால் உயிருக்கே ஆபத்து.

டிம்மர்மனும் குழுவினரும் இதை மறைக்காமல் 2006இல் வெளியிட்டார்கள். தாங்களே வளர்த்த சிகிச்சையின் மரணங்களைத் தாங்களே எண்ணி உலகத்துக்குச் சொன்னார்கள். பெரிய மூச்சுக்குழாய்களைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டருக்குள் மூன்று தவணைச் சிகிச்சை கூடாது என்ற எல்லை அந்தக் கட்டுரையால் நிலைபெற்றது. மருத்துவ வரலாற்றில் இந்த நேர்மைக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த ஒரு கட்டுரை எத்தனை மருத்துவமனைகளில் எத்தனை பேரின் மூச்சுக்குழாயைக் காப்பாற்றியிருக்கும்! நடுப்பகுதிக் கட்டிகளுக்கு இப்போது தவணையைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் அளவைக் குறைத்து, ஐந்து அல்லது எட்டாகக் கொடுக்கிறார்கள். ரெகோவின் விதி அங்கே பாதி வழி திரும்பி வந்திருக்கிறது.

பின்பு பல மருத்துவமனைகள் சேர்ந்து ஓரக் கட்டிகளுக்கு மட்டும் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. 55 நோயாளிகள், மூன்று தவணை, 54 கிரே. மூன்று ஆண்டில் நூற்றுக்கு 97க்கும் மேல் கட்டிகள் அடங்கியே இருந்தன. நோயாளிகளில் நூற்றுக்கு 56 பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். இவர்கள் ஏற்கெனவே இதயமும் நுரையீரலும் நலிந்தவர்கள். வேறு நோய்களால் இறந்தவர்கள் உண்டு. புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்களும் உண்டு. கட்டி இருந்த இடத்தில் கதிர் தன் வேலையை முடித்தது. பரவலை அதனால் தடுக்க முடியவில்லை.

பழைய முறையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? மூன்று ஆய்வுகள், மூன்று விதமான விடை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் 101 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த சிசெல் ஆய்வு 2019இல் வந்தது. பல வாரக் கதிரில் நூற்றுக்கு 31 பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பியது. மூன்று நான்கு தவணைக் கதிரில் 14 பேருக்கு. சராசரி ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டானது. ஸ்காண்டிநேவியாவின் ஸ்பேஸ் ஆய்வில் கட்டி அடங்கும் விகிதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் உணவுக்குழாய் வெந்து விழுங்கவே சிரமப்பட்டவர்கள் பழைய முறையில் நூற்றுக்கு 30, புதியதில் 8. கனடாவின் லஸ்டர் ஆய்வு 2024இல் வந்தது. அதில் கட்டி அடங்கியவர்கள் புதிய முறையில் நூற்றுக்கு 87.6, பழையதில் 81.2; இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஆனால் கனடாக்காரர்கள் ஒப்பிட்ட பழைய முறை பழையதே அல்ல. 60 கிரேயைப் பதினைந்து தவணையில், அதாவது தினம் 4 கிரே என்று சுருக்கிய முறை. அதன் உயிரியல் அளவு 84. எதிரியும் வலுவாகிவிட்டால் வெற்றியின் இடைவெளி குறையத்தானே செய்யும்? மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் எனக்கு, சின்ன ஓரக் கட்டிக்கு எஸ்.பி.ஆர்.டி.யே முதல் தேர்வு என்பதில் சந்தேகம் எழவில்லை. அந்த வசதி எட்டாத ஊரில், தவணையைப் பதினைந்தாகச் சுருக்கும் முறை மதிப்பான மாற்று.

இதைப் படித்துவிட்டு, முப்பது கரண்டு வாங்குகிறவர்கள் பழைய மருத்துவத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நடு நெஞ்சின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய மூன்றாம் கட்ட நோய்க்கு மூன்று தவணை உதவாது. அங்கே உணவுக்குழாய், இதயம், பெரிய மூச்சுக்குழாய் எல்லாம் கதிருக்குள்ளேயே இருக்கும். காம்பே குறியாகிவிட்ட நிலை. அவர்களுக்கு இன்றும் கீமோவுடன் சேர்த்த 60 கிரே, முப்பது தவணைதான். கூட்டினால் நல்லதோ என்று 74 கிரே வரை போய்ப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2015இல் வெளியானபோது எல்லோரும் அதிர்ந்தார்கள். 60 கிரே வாங்கியவர்களின் சராசரி ஆயுள் 28.7 மாதம். கூடுதல் வாங்கியவர்களுக்கு 20.3 மாதம். இதயத்தில் விழுந்த கதிருக்கு அதில் பங்கு உண்டு என்று அந்த ஆய்வின் கணக்குகள் காட்டின. ஆனால் அதே ஆய்வில், கதிரின் வீச்சைத் துண்டு துண்டாகச் செதுக்கிக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடுமையான நுரையீரல் அழற்சி பாதிக்கும் கீழே குறைந்தது. அங்கே முன்னேற்றம் அளவைக் கூட்டியதால் வரவில்லை, வடிவத்தைத் திருத்தியதால் வந்தது.

நாளுக்கு ஒரு தவணை என்ற வழக்கத்தை வேறு பக்கமாக மீறியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் சாண்டர்ஸ், டிஷ் இருவரும் நாளுக்கு மூன்று வேளை, சனி ஞாயிறும் விடாமல், பன்னிரண்டே நாளில் 36 தவணை கொடுத்தார்கள். புற்றுச் செல் வார இறுதியில்கூடப் பெருகும், அதற்கு ஓய்வு தராதே என்பது அவர்கள் வாதம். இரண்டு ஆண்டு பிழைத்தவர்கள் நூற்றுக்கு 20இலிருந்து 29 ஆனார்கள். ஞாயிற்றுக்கிழமையும் மூன்று வேளையும் கருவியை ஓட்ட ஆள் வேண்டுமே. அதனாலேயே அது பரவவில்லை. சிறு செல் வகைப் புற்று மிக வேகமாகப் பெருகுவது. அதற்கு நாளுக்கு இரண்டு வேளை, மூன்று வாரத்தில் 45 கிரே கொடுத்தபோது, ஐந்து ஆண்டு பிழைத்தவர்கள் 16இலிருந்து 26 ஆனார்கள் என்று 1999இல் டுரிசி குழு காட்டியது. அதே 45 கிரேதான். கொடுத்த வேகம் மட்டுமே மாறியது.

புரோட்டானைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் குறித்த ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். ராபர்ட் வில்சன் 1946இலேயே இதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். சென்னையில் 2019இல் அப்பல்லோவின் புரோட்டான் மையம் திறந்தபோது தெற்காசியாவுக்கே அது முதல். ஆனால் நுரையீரலில் புரோட்டானுக்கு ஒரு சங்கடம் உண்டு. காற்று நிறைந்த திசு, நகரும் கட்டி. எந்த ஆழத்தில் நிற்கும் என்ற கணக்கு மூச்சுக்கு மூச்சு மாறும். 2018இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ஐ.எம்.ஆர்.டி.யைவிடப் புரோட்டான் மேலாக இருக்கவில்லை. விலை பல மடங்கு என்பதால், நுரையீரல் நோயாளியின் குடும்பம் அதற்காகக் கடன் வாங்கும் முன் மிகவும் யோசிக்க வேண்டும். தவணை குறைவது நல்லதாகும் இன்னொரு இடமும் உண்டு. குணம் இனி இல்லை, வலியும் ரத்த இருமலும் அடங்கினால் போதும் என்ற நிலையில், இரண்டே தவணை பத்துத் தவணைக்கு ஈடாக உதவும் என்று பிரிட்டன் ஆய்வு 1991இலேயே சொல்லிவிட்டது. அங்கே குறைவு என்பது நோயாளியின் மிச்ச நாட்களை மருத்துவமனை வரிசையிலிருந்து மீட்டுத் தருவது.

ஒரு சிகிச்சை பிறந்ததால் என்ன மாறியது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று நெதர்லாந்தின் வட ஹாலந்து மாகாணத்திலிருந்து வருகிறது. 75 வயதைத் தாண்டிய, ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்று வந்த 875 பேரின் பதிவுகளை 1999 முதல் 2007 வரை எடுத்துப் பார்த்தார்கள். நடுவில் எஸ்.பி.ஆர்.டி. அந்த மாகாணத்துக்கு வந்திருந்தது. கதிர் சிகிச்சை பெற்ற முதியோரின் பங்கு நூற்றுக்கு 16 கூடியது. அறுவை செய்துகொண்டவர்கள் குறையவில்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களே குறைந்தார்கள். எல்லோரையும் சேர்த்த சராசரி ஆயுள் 16 மாதத்திலிருந்து 21 மாதமானது. ஸ்டாக்ஹோம் பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அறுவை தாங்கும் உடலுள்ளவருக்கு இன்றும் அறுவையே முதல் சிகிச்சை. அவர்களுக்கும் கதிர் ஈடாகுமா என்பதைப் பெரிய ஆய்வுகள் சோதித்துக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சைக்குத் தகுதியானவர்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் கருவி மட்டும் அல்ல. கட்டி சிறியதாக இருக்கும்போது கண்டுபிடிக்கப்படுவதே அரிது. நாள்பட்ட இருமல், எக்ஸ்ரேயில் ஒரு நிழல் என்றால் காசநோய் என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. அந்த மாதங்களில் மூன்று சென்டிமீட்டர் ஆறாகிவிடும். சளிப் பரிசோதனையில் காசக் கிருமி தென்படாமலே மாத்திரை தொடங்கியிருந்தால், இரண்டு மாதத்தில் நிழல் குறையவில்லை என்றால், சி.டி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடை குறைந்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ அவ்வளவு நாளும் காத்திருக்க வேண்டாம். புற்றுதான் என்று தெரிந்து, வயதையோ இதயத்தையோ காட்டி 'ஆபரேஷன் பண்ண முடியாது' என்று சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடாதீர்கள். கதிர் சிகிச்சை மருத்துவரைப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: கட்டி எத்தனை சென்டிமீட்டர், பெரிய மூச்சுக்குழாயிலிருந்து எவ்வளவு தூரம், எஸ்.பி.ஆர்.டி. கொடுக்க முடியுமா?